பார்த்தவர் பெயர்

நாச்சிப்பட்டி ஏரியைப் பார்க்க எட்டு நாட்டு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று இலக்கியா சொன்னபோது ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப்பேர், ஏரியை விலைபேச வருகிறார்கள் என்று நம்பினார்கள்.

வெண்ணந்தூருக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஏரி. ஒரு பாதி சீமைக்கருவேலம், ஒரு பாதி தண்ணீர். ஐப்பசிக்குமேல் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் வந்து இறங்கும். வடகோடியில் தனசேகரின் கிழங்கு மில். லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி உள்ளே போகும், மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி வெளியே வரும். கிழங்கைக் கழுவிய தண்ணீர் மட்டும் எங்கே போகிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மூக்குள்ளவர்களுக்குத் தெரியும்.

இலக்கியா குமாரபாளையத்து விசைத்தறிக் குடும்பத்துப் பெண். விலங்கியல் படித்துவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இயங்கும் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கி, திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். போன வருடம் ஈரநிலப் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று அவளைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். பல நாடுகளிலிருந்து வந்தவர்களோடு மூன்று வாரம். பறவையைக் காப்பாற்றுவதற்கு முன்னால், பக்கத்தில் குடியிருப்பவர்களை அந்தத் தண்ணீரைப் பார்த்து எழுதப் பழக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். மின்ஜி என்ற பயிற்சியாளர் முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டார்: யார் பார்த்தது என்று இல்லாத பதிவு வதந்தி. இலக்கியா அதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் நாச்சிப்பட்டியில் பதினோரு பேருக்கு நோட்டுக் கொடுத்தாள். ஐந்து கட்டம். தேதி, நேரம், தண்ணீரின் நிறம், பறவையும் மீனும், பார்த்தவர் பெயர். ஒரு மாதத்தில் பத்து நோட்டும் கணக்கு வீட்டுப்பாடத்துக்கும் கோலத்துக்கும் போய்விட்டன. நின்றது மயிலம்மாளின் நோட்டு ஒன்றுதான்.

மயிலம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. தனசேகரின் மில்லில் கிழங்குத் தோல் உரிக்கிற வேலை. புருஷன் தங்கமுத்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்தபோது பைப் சரிந்து இடுப்பு ஒடிந்து, இப்போது கோலூன்றி வாசல்வரை நடக்கிறவர். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய வாரக்கூலியில். எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சுமாதிரி இருக்கும்.

நோட்டை வாங்கிய அன்றைக்கு அவள் கடைசிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு அம்முணி? தண்ணி எப்படி இருந்துச்சுன்னுதான கேக்கறீங்க. நான் பாத்தா என்ன, என்ற ஆடு பாத்தா என்ன?"

"ஆடு எழுதாதுங்கக்கா."

"எழுதுனா வம்புன்னு அதுக்குத் தெரியும்."

இலக்கியா சிரித்தாள். பிறகு, பெயர் இருந்தால்தான் நாளைக்கு யாரும் அதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். கொரியாவில் தனக்குச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. மயிலம்மாள் கேட்டுக்கொண்டாள். நான்காம் வாரத்திலிருந்து பெயருக்கு முன்னால் இனிஷியலும் போட ஆரம்பித்தாள்.

மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்கு அவள் ஆடு இரண்டையும் ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நோட்டில் இப்படி இருந்தன: 'காலை 7 மணி. மதகுப் பக்கம் தண்ணி பால் மாதிரி. புளிச்ச நாத்தம். கெண்டை 14 செத்து மிதந்தது.' அடுத்த ஞாயிறு கெண்டை 9. அதற்கடுத்தது 31. திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிற வழியில் பார்த்து எழுதியவற்றில் அப்படி எதுவும் இல்லை. ஆறு வாரத்தையும் ஒரே தாளில் எழுதிப்பார்த்த இலக்கியா ஞாயிறுகளைச் சுற்றி வட்டம் போட்டாள். ஓடிவந்து சொன்னபோது மயிலம்மாள் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"லீவு நாள்ல ஆப்பீசருங்க வர மாட்டாங்க, மில்லுல கழிவுத் தொட்டியத் தொறந்து உடுவாங்க. இதுக்கு நோட்டுப் போட்டுத்தான் கண்டுபுடிக்கோணுமா? எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான."

"தெரிஞ்சது வேறங்கக்கா. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"அப்பறமேலு? ஆட்டுக்கு முன்னாலதான் வாய்க்கா போவுது."

"அப்படின்னா பார்த்ததை எழுதுங்க."

ஏழாம் ஞாயிறு மயிலம்மாள் எழுதினாள்: 'மில் தொட்டி திறந்தது. நான் பார்த்தேன். த. மயிலம்மாள்.'

அந்த வரியைப் பார்த்த நாளிலிருந்தே இலக்கியாவுக்கு ஒரு உறுத்தல். மயிலம்மாள் எங்கே வேலை செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பெயரை மட்டும் அடித்துவிடலாமா என்று இரண்டு முறை பேனாவை எடுத்தாள். அடித்தல் திருத்தல் கூடாது என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். பேனாவை மூடி வைத்தாள். எழுதி முடித்ததும் நோட்டு என் பையில்தானே இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாசியில் பயிற்சியின் இரண்டாம் கட்டம் வந்தது. எட்டு நாட்டுப் பயிற்சியாளர்கள் கள வருகையாக நாச்சிப்பட்டிக்கு வந்து, மக்களை எப்படி ஈடுபடுத்துவது என்று நேரில் பார்ப்பார்கள். அறக்கட்டளைச் செயலாளர் வேல்முருகன் பத்து நாளுக்கு முன்பே பந்தலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

"தனசேகரைத் தலைமை தாங்கச் சொல்லிட்டேன்மா. சாப்பாடும் அவரு செலவுதான்."

"சார், அந்த மில்லுத் தண்ணிதான் சார்..."

"தெரியும். ஊருக்குள்ள விழா வெச்சுட்டு ஊர்ப் பெரியமனுசனக் கூப்பிடாம உட்டா, மறுநா ஏரிக்கரையில உன்னய நிக்க உடுவாங்களா? அவரு முன்னால பறவையப் பத்திப் பேசு, போதும்."

அது நியாயமாகத்தான் பட்டது. எந்த விழாவுக்கும் அதுதானே முறை. இலக்கியா நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தாள். ஒன்பது இனம். ஏழாவது, 'சிறந்த பதிவாளருக்குப் பொன்னாடை'. அணிவிப்பவர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். மின்ஜியைச் சொல்லலாம் என்று எண்ணம். அதை வேல்முருகனிடம் சொன்னோமா இல்லையா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

வந்தவர்களைப் பார்த்து ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நேபாளம், கம்போடியா, உகாண்டா, கொரியா என்று போனது பட்டியல்.

"இதுல வெள்ளைக்காரரு யாருங் கண்ணு?" என்று தங்கமுத்து முன்வரிசை நாற்காலியிலிருந்து கேட்டார். பெண்டாட்டிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று கோலூன்றி வந்திருந்தார்.

"யாரும் இல்லீங்கண்ணா."

"அப்ப நம்மாளுகதான். சாப்பாட்டுக்கு உக்காரச் சொல்லு."

காலையில் கரையோரம் நடந்தபோது மின்ஜி அந்த நோட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் எண்களையும் கட்டங்களையும் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். மேடையேறும்போதும் அது அவர் மடியிலேயே இருந்தது. திரும்பக் கேட்க இலக்கியாவுக்குக் கூச்சம். அதற்குள் மைக்கைப் பிடித்த வேல்முருகன் ஆறு இனத்தை முடித்திருந்தார்.

"ஏழு மாதமாக ஒரு நாளும் விடாமல் ஏரியைப் பதிவுசெய்த சகோதரி மயிலம்மாளுக்குப் பொன்னாடையும், அவர் கைப்பட எழுதிய பதிவேட்டையும் வழங்கிச் சிறப்பிக்குமாறு விழாத் தலைவர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்."

மேடையில் தலைவர் ஒருவர் இருக்கும்போது வேறு யார் கையால் கொடுப்பது? அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக அவர் பக்கம் நீண்டது. மின்ஜி எழுந்து, தன் நாட்டு வழக்கப்படி குனிந்து, இரண்டு கையாலும் நோட்டைத் தனசேகரிடம் கொடுத்தார். பெண் என்பதால் தனசேகர் பொன்னாடையைத் தோளில் போடாமல் மயிலம்மாளின் கையில் வைத்தார். அடுத்து நோட்டைக் கொடுக்க வேண்டும். போட்டோக்காரர் கையைக் காட்டி, "ஒரு நிமிசம் அப்பிடியே நில்லுங்க, பேட்டரி மாத்திக்கறேன்" என்றார்.

நிற்கிற நேரத்தில் கையில் நோட்டு இருந்தால் யாராக இருந்தாலும் பிரித்துப் பார்ப்பார்கள். தனசேகர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். மயிலம்மாள் பொன்னாடையை மார்போடு அணைத்தபடி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மின்ஜி இலக்கியாவிடம் ஒரு கேள்வியை மொழிபெயர்க்கச் சொன்னார். இலக்கியா மைக்கில் கேட்டாள்.

"இத்தனை மாதம் எழுதியதில் உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்கக்கா."

மயிலம்மாள் கட்டைவிரலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நாரை வருதுங்க," என்றாள். "அப்பறம் போயிருதுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். தனசேகர் கண்ணாடியைக் கழற்றி, நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். "கையெழுத்து ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார்.

திங்கட்கிழமை மில் வாசலில் மயிலம்மாளை மட்டும் நிறுத்தி, கிழங்கு வரத்துக் குறைவு, ஆள் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். கூட வந்த பெண்கள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவள் பக்கத்து மில் மூன்றிலும் ஏறி இறங்கினாள். மூன்றிலும் அதே வாசகம். புதன்கிழமை தகவல் தெரிந்து இலக்கியா ஓடினாள்.

மில் களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்தது. நான்கு லாரிக் கிழங்கு இறக்கக் காத்திருந்தது. தனசேகர் அவளை உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார்.

"நான் யாரையும் நிறுத்தலீங்கம்மா. வரத்து இல்ல. வந்தாக் கூப்புடறோம்."

இலக்கியா ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்க பேனர்ல என்ன போட்டிருந்துச்சு? பயிற்சி. அந்தப் பொம்பளை எழுதுனதும் பயிற்சிக்கு எழுதுனதுதானுங்களே. எழுதிப் பழகறதுக்கு. நெசமாப் பாத்து எழுதுனதுன்னு நாளைக்கு யாராச்சும் கெளப்பிட்டா, நானூறு குடும்பம் தெருவுக்கு வந்துரும். நீங்க படிச்சவங்க. ஒரு லெட்டர் குடுத்துருங்க. மாதிரிப் பதிவுன்னு. பேரு போட்டவங்களும் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுரட்டும். கிழங்கு வந்தாலும் வரும்."

ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்தில் வேல்முருகன் மறுபேச்சே பேசவில்லை. "குடுத்துரு" என்றார். மின்ஜியிடமிருந்து அன்றைக்குத்தான் ஒரு கடிதமும் வந்திருந்தது. பதிவேட்டை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், அடுத்த பயிற்சியில் இதுவே பாடம், மாவட்ட அதிகாரிகளுக்கும் ஒரு பிரதி கொடுத்தால் உதவும். இலக்கியா இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் பதில் போட்டாள். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மயிலம்மாள் என்று எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் எழுத வரவில்லை. ஏரியின் பக்கம் எத்தனை வரி வந்தாலும் அதில் தன் வேலையும் பேரும் சேர்ந்தே இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் மயிலம்மாளிடமே போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எழுதிக் குடுத்துருங்க அம்முணி."

"நீங்க பாத்தது பொய்யின்னு ஆயிருங்கக்கா."

"ஆயிட்டுப் போவுது. நெசம்னு எழுதி மட்டும் என்னாச்சு? செத்த மீனு எந்திரிச்சு நீந்துச்சா?"

கட்டிலிலிருந்து தங்கமுத்து சொன்னார், "இல்ல புள்ள, நீ அந்தப் பொன்னாடையப் போத்திக்கிட்டுப் படுத்துக்க. பசி தெரியாது. எட்டு நாட்டுக்காரன் சேந்து குடுத்ததாச்சே."

"சும்மா கெடங்க."

"நான் சும்மாத்தான கெடக்கறேன். அதனாலதான நீ இதுக்குக் கையெழுத்துப் போடற."

யாரும் சிரிக்கவில்லை. இலக்கியா அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினாள். 'மேற்படி பதிவேட்டில் உள்ளவை பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரிப் பதிவுகள். நேரில் கண்டவை அல்ல.' பிழை இருக்கிறதா என்று வழக்கம்போல இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. மயிலம்மாள் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு, நோட்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். மின்ஜிக்கு, நோட்டு மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்று இலக்கியா எழுதியனுப்பினாள். மாசியில் அங்கே மழையே பெய்யவில்லை.

கிழங்கு வந்துவிட்டது. மயிலம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் தோல் உரிக்கிற கொட்டகைக்கு அல்ல. கழிவுத் தொட்டியில் இறங்கி, அடியில் படிகிற கிழங்குச் சக்கையை, திப்பியை, வாரிப் போடுகிற வேலை. முழங்கால்வரை புளித்த தண்ணீர். இரண்டு வாரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது. இலக்கியா மருந்துக் களிம்பு வாங்கிப்போனாள். மயிலம்மாள் வாங்கி மாடக்குழியில் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

பங்குனியில் வெயில் ஏறித் தண்ணீர் இறங்கியது. மூன்றாம் ஞாயிறு ஏரி முழுக்க வெளுத்தது. திங்கட்கிழமை காலையில் கரையிலிருந்து கரைவரை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கெண்டை, கட்லா, விரால், குஞ்சு, எல்லாம். மீன் குத்தகை எடுத்திருந்த அறிவு என்பவன், வண்டியை எடுத்துக்கொண்டு நாமக்கல் போய், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து வாசலிலேயே உட்கார்ந்து, மறுநாள் ஒரு அதிகாரியைக் கையோடு கூட்டிவந்துவிட்டான்.

கரையில் ஊரே நின்றது. தனசேகர் கைகட்டி நின்றார். வேல்முருகன் அனுப்பி இலக்கியாவும் வந்திருந்தாள். அதிகாரி ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து மூடினார்.

"மில்லுல இருந்துதான் வந்துச்சுங்கறதுக்கு என்னப்பா ஆதாரம்? பாத்தவங்க இருக்காங்களா?"

அறிவு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா எழுதியே வெச்சிருக்குதுங்க. ஏழு மாசமா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. ஏனுங்கக்கா, சொல்லுங்க. யாருக்கும் பயப்படாதீங்க, நாங்க இத்தன பேரு இருக்கறோம்."

மயிலம்மாளைத் தொட்டியிலிருந்து அப்படியே கூட்டிவந்திருந்தார்கள். சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. இத்தனை பேர் என்று அறிவு சொன்னவர்களை அவள் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். அவளை மில் வாசலில் நிறுத்திய அன்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போன பெண்களும் அதில் இருந்தார்கள்.

தனசேகர் முன்னால் வந்து, மடித்த தாளை அதிகாரியிடம் கொடுத்தார். "அவங்களே எழுதிக் குடுத்ததுங்க."

அதிகாரி படித்துவிட்டு மயிலம்மாளைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப நோட்டுல எழுதுனது?"

மயிலம்மாள் இலக்கியாவின் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்தே சொன்னாள். "இந்த அம்முணி சொல்லச் சொல்ல எழுதுனதுங்க. எனக்கென்ன தெரியும்."

கூட்டம் முழுக்க இலக்கியாவைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏழு மாதத்துப் பக்கங்கள் பத்திரமாக அவள் அறையில் பெட்டிக்கு அடியில் இருந்தன. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மயிலம்மாள் எந்த மில்லின் வாசலையும் மிதிக்க முடியாது. பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்ற பேரும் சேரும்.

"அப்படித்தானாம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க," என்றாள் இலக்கியா. "நான்தான் சொல்லி எழுத வெச்சேன்."

"பாக்காத விசயத்தையா?"

"ஆமாங்க."

"எந்த நிறுவனம் நீங்க?"

சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். "இப்படிப் பண்ணுனா நெசமான புகாரையும் யாருமா நம்புவாங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் குறைவு, வெயில் அதிகம் என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குள் சேதி போய், வேல்முருகனிடமிருந்து போன் வந்தது. இலக்கியா எடுக்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதைக்கூட அவர் மரியாதையாகத்தான் சொல்வார்.

மயிலம்மாள் கரையேறி அவளைக் கடந்தபோது ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"தொட்டி பாதியில கெடக்குது," என்றாள். "வாரேன்."

வெந்த காலைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி மில்லைப் பார்க்க நடந்தாள். கூட்டம் கலைந்தது. அறிவும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். வெயில் ஏற ஏற நாற்றம் தாங்க முடியவில்லை. இலக்கியா போகாமல் நிற்பதை அறிவு கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான்.

"இன்னும் யாருக்கு என்ன எழுதோணும்?" என்றான்.

அவள் குழியைப் பார்த்தாள்.

"நிக்கறதுக்கு அந்தக் கூடையாச்சும் எடுங்க."

துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மீன்கள் வழவழத்துக் கையில் நிற்காமல் நழுவின. கூடை நிறைந்ததும் தூக்கிப்போய்க் குழியில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். பதினொன்றரை பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பன்னிரண்டரை பஸ்ஸும் போனது. குழி பாதிகூட நிறையவில்லை.